பழைய பென்ஸ் 240டி: வலு குறைந்துவிட்டதா, இருந்ததே அவ்வளவுதானா?

உவர்மலையான்:
வணக்கம். எங்களிடம் 1984 ஆம் ஆண்டு மெர்சிடிஸ் பென்ஸ் 240டி ஒன்று இருக்கிறது. நால்வர் ஏறி, ஏசியும் போட்டுக்கொண்டு ஹபரணையிலிருந்து திருகோணமலைக்கு வரும்போது, கந்தளாய்ப் பக்கத்தில் ஒரு லொறியை முந்துவதற்கே வெகுதூரம் வெறும் பாதை வேண்டியிருக்கிறது. எஞ்சினைப் பிரித்து ரிங்ஸ் (பிஸ்டனைச் சுற்றி வாயு கசியாமல் அடைக்கும் வளையங்கள்) மாற்ற வேண்டும் என்கிறார்கள் கராஜில். இந்த மொடலுக்கு ஓரிடத்தில் 65 குதிரைவலு என்றும் இன்னோரிடத்தில் 72 என்றும் போட்டிருக்கிறார்கள். எது சரி? அந்த வலு இப்போதும் இருக்கிறதா என்பதை எஞ்சினைப் பிரிக்காமல் அறிய வழியுண்டா?

கிண்ணியா டீசல்:
இரண்டும் சரியே. 1976 இல் வெளிவந்தபோது 65. 1978 இன் பிற்பகுதியில் 72 ஆக உயர்த்தினார்கள். ஆகவே உங்களுடையது 72. ஏறத்தாழ 1,400 கிலோ எடையுள்ள காருக்கு அது சொற்பம்தான். புதிதாக இருந்தபோதே மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்தை எட்ட 22 செக்கன் எடுத்தது. உச்ச வேகம் 143. பொனெட்டில் நிற்கும் நட்சத்திரத்தைப் பார்த்து வேகத்தை எதிர்பார்ப்பவர்கள் ஏமாறத்தான் செய்வார்கள். டர்போ (காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் செலுத்தும் கருவி) இல்லாத எஞ்சின் ஆகையால், நமது 35 பாகை வெயிலில் காற்றின் அடர்த்தி குறைந்து வலுவில் சுமார் 5 சதவீதம் போய்விடும். ஏசி கொம்பிரசர் தன் பங்கை வேறு எடுத்துக்கொள்ளும்.

பிரிப்பதற்கு முன் ஒன்று செய்யுங்கள். எஞ்சினை நிறுத்திவிட்டு, ஒருவரை உள்ளே இருத்தி அக்சிலரேட்டரை அடிவரை மிதிக்கச் சொல்லி, டீசல் பம்பின் லீவரைப் பாருங்கள். அது கோடியிலுள்ள தடுப்பில் போய் முட்ட வேண்டும்; அப்போதுதான் எஞ்சினுக்கு முழு அளவு டீசல் போகும். இணைப்புத் தண்டுகளின் மூட்டுகள் தேய்ந்திருந்தாலோ, மிதியின் கீழ் தடித்த கம்பளம் கிடந்தாலோ முட்டாது. முட்டியும் இழுவை இல்லை, முழு மிதியிலும் புகை தெரியவில்லை என்றால் டீசல் போதவில்லை என்று பொருள். இரு டீசல் பில்டர்களையும் டீசல் தாங்கிக்குள் இருக்கும் வடிகட்டியையும் பாருங்கள்.

நிலாவெளிக்காரன்:
ரிங்ஸ் தேய்ந்ததா என்பதற்கும் சோதனை உண்டு. எஞ்சின் ஓடும்போது எண்ணெய் ஊற்றும் மூடியைக் கழற்றி, அந்த வாயின் மேலேயே சும்மா வையுங்கள். இலேசாக ஆடினால் கவலையில்லை. துள்ளி விழுந்தால், தேய்ந்த ரிங்ஸைத் தாண்டி வாயு கசிந்து மூடியைத் தள்ளுகிறதோ என்ற சந்தேகம்தான். அப்போதும் நான்கு சிலிண்டர்களின் கம்பிரஷனையும் (உள்ளே காற்று எவ்வளவு அழுத்தப்படுகிறது என்பதை) அளக்காமல் ஸ்பனரை எடுக்க விடாதீர்கள். அளப்பதற்கு முன் வால்வு இடைவெளியை (வால்வைத் திறக்கும் பாகங்களுக்கிடையே விடப்படும் சிறு இடைவெளியை) சரிசெய்வது அவசியம், ஏனெனில் இடைவெளி இல்லாமல் இறுகிய வால்வு முழுதாக மூடாமல் நின்றாலே கம்பிரஷன் குறைவாகக் காட்டும்.

ஜப்பான் எஞ்சின் போடச் சொல்லவும் ஆட்கள் வருவார்கள். புதிய எஞ்சின் இலக்கத்தை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிய வேண்டியிருக்கும் என்பது ஒருபுறமிருக்க, பிறகு அதை 240டி என்று எப்படிச் சொல்வது? வலுதான் முக்கியம் என்றால், இதே உடலில் 88 குதிரைவலுவுடன் வந்த ஐந்து சிலிண்டர் 300டியைத் தேடலாம்.

உவர்மலையான்:
இருவருக்கும் நன்றி. லீவர் ஒரு விரற்கடை குறைவாகவே நின்றது. உப்புக்காற்றில் அரித்த தரைத் தகட்டை மாற்றியபோது இரட்டைக் கம்பளம் போட்டிருக்கிறார்கள். அதை எடுத்ததும் தடுப்பில் முட்டுகிறது, இழுவையும் தெரிகிறது. மூடி இலேசாகத்தான் ஆடுகிறது. ரிங்ஸ் வேலையை நிறுத்திவைத்து, முதலில் வால்வு இடைவெளியைப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.