விமானி மாடலில் தாமதமும் லீடும் பிரியவில்லை, உதவ முடியுமா?

வணக்கம் நண்பர்களே. திரையில் நகரும் பிழைக்கோட்டை ஜாய்ஸ்டிக்கால் பூஜ்யத்திலேயே பிடித்துவைக்கும் சோதனையைச் செய்துவருகிறேன். அந்தத் தரவுக்கு, விமானி எப்படிக் கட்டுப்படுத்துகிறார் என்பதை விவரிக்கும் மெக்ரூயர் என்ற பொறியாளரின் கிராஸோவர் மாடலைப் பொருத்துகிறேன். விமானத்தின் இயல்பு மாறினால் விமானி தன்னை மாற்றிக்கொள்வார். கிராஸோவர் அதிர்வெண்ணை (திறந்த வளையத்தின் பெருக்கம் ஒன்றாகும் இடத்தை) ஒட்டி விமானியும் விமானமும் சேர்ந்து ஓர் இன்டெக்ரேட்டரும் (உள்ளீட்டைக் காலப்போக்கில் கூட்டிக்கொண்டே போகும் அமைப்பு) ஒரு தாமதமும் போலவே நடந்துகொள்ளும். மனிதக் கையை இவ்வளவு எளிய சமன்பாடு பிடித்துவிடுவது எனக்கு இன்னும் வியப்புதான்.

விமானம் ஒற்றை இன்டெக்ரேட்டராக, அதாவது ஸ்டிக் வேகத்தைத் தீர்மானிப்பதாக, இருந்தால் எல்லாம் சரி. ஸ்டிக் முடுக்கத்தைத் தீர்மானிக்கும் இரட்டை இன்டெக்ரேட்டருக்குப் போனதும் சிக்கல். அங்கே விமானி பிழையின் வேகத்தையும் பார்த்து லீடு (முன்கூட்டிய திருத்தம்) கொடுத்தாக வேண்டும். லீடு மாறிலி, தாமதம், கைத்தசையின் இரண்டாம்படி இயக்கம் மூன்றையும் சேர்த்துத் தேடினால், தொடக்க மதிப்பை மாற்றும்போதெல்லாம் வேறு விடை வருகிறது. பொருத்தப் பிழையோ ஏறக்குறைய அதேதான். தாமதம் ஒருமுறை 0.2 விநாடி, இன்னொருமுறை 0.35.

உள்ளீடு பல சைன் அலைகளின் கூட்டு. ஜாய்ஸ்டிக் சிக்னலைப் பிழையால் நேரடியாக வகுத்தால் விமானியின் ரெம்னன்ட் இரைச்சல் (உள்ளீட்டோடு நேரியல் தொடர்பில்லாத கையசைவு) மூடிய வளையத்தில் சுற்றி வந்து விடையைச் சாய்க்கும் என்பதால், உள்ளீட்டோடு குறுக்கு நிறமாலை (இரு சிக்னல்களும் ஒவ்வொரு அதிர்வெண்ணிலும் எவ்வளவு தொடர்புடையவை என்ற அளவு) எடுத்தே கணக்கிடுகிறேன்.

தசை இயக்கத்தின் அதிர்வெண்ணை ஒற்றை இன்டெக்ரேட்டர் சோதனையிலிருந்து எடுத்து நிலைநிறுத்துவது நியாயமா? ஸ்டிக்கைப் பிடிக்கும் இறுக்கம் மாறினால் அதுவும் மாறுமே என்று தயங்குகிறேன். அப்புறம், பலமுறை செய்த சோதனை ஓட்டங்களைச் சராசரி எடுத்தபின் பொருத்துவதா, தனித்தனியாகவா? இதைச் செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள். தரவைப் பகிரத் தயார்.