புதுப்பிப்பு: அக்கா பையனுக்கு வாங்கிய அறிவியல் வினாடி வினா அட்டைகள்

ஏழு வயதுப் பையனுக்கு அறிவியல் வினாடி வினாப் பரிசு எது சரிப்படும் என்று முன்பு கேட்டிருந்தேன் இல்லையா, பெட்டி மேல் போட்டிருந்த வயதை மட்டும் நம்பாமல் உள்ளே இருக்கும் கேள்விகளையும் படித்துப் பார்த்துத்தான் கடைசியில் வாங்கினேன். ஆக்டோபஸுக்கு மூன்று இதயம் என்றதும் தன் நெஞ்சைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "மூணும் ஒண்ணா துடிக்குமா?" என்றான். வெள்ளிக் கோள் சூரியனைச் சுற்றிவர 225 நாள், தன்னைத்தானே சுற்ற 243 நாள் என்ற அட்டையைப் புரியவைக்கத்தான் பந்தும் விளக்கும் தேவைப்பட்டது. வெறும் ஆண்டும் பெயரும் கேட்கும் அட்டைகளை நானே ஒதுக்கிவிட்டேன், மனப்பாடத்துக்குப் பள்ளிக்கூடம் போதும். அப்புறம், வீட்டில் கைக்குழந்தை இருந்தால் குட்டிக் காந்தங்கள் சேர்ந்து வரும் செட் வேண்டவே வேண்டாம். ஒன்றுக்கு மேல் விழுங்கினால் குடலுக்குள் ஒன்றையொன்று இழுத்து ஓட்டையே போட்டுவிடும்.