பதுங்குகுழி வாழ்க்கை: கொஞ்சம் மிகைப்படுத்துகிறோமோ?

மண்வெட்டி:
முதல் உலகப்போர் என்றாலே நாலு வருஷமும் சிப்பாய் இடுப்பளவு சேற்றில் நின்றான் என்கிற மாதிரி எழுதுகிறீர்கள். பிரிட்டிஷ் படையில் முறை வைத்து ஆளை மாற்றினார்கள். முன்வரிசையில் சில நாள், துணை வரிசையில் சில நாள், அப்புறம் பின்னால் ஓய்வு. அங்கே குளியல், கால்பந்து எல்லாம் உண்டு.

சீலைப்பேன்:
ஓய்வா? பகலில் டிரில், ராத்திரியில் முள்கம்பிச் சுருளைச் சுமந்துகொண்டு மறுபடி முன்வரிசைக்கே நடை. குளித்துவிட்டுச் சட்டையைப் போட்டால், உடம்புச் சூட்டில் தையலுக்குள் இருக்கும் பேன் முட்டை பொரிந்துவிடும். மெழுகுவத்திச் சுடரைத் தையல் ஓரமாகவே ஓட்டுவார்கள், படபடவென்று வெடிக்கும். துணி பொசுங்காமல் அதைச் செய்யத் தனிக் கைப்பக்குவம் வேண்டும். ட்ரெஞ்ச் (பதுங்குகுழி) காய்ச்சலைப் பரப்பியது இந்தப் பேன்தான் என்று 1918ல்தான் உறுதியானது. (என் பெயரைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம்.)

மண்வெட்டி:
சரி, காலைப் பாருங்கள். 1914-15 குளிர்காலத்தில் பிரிட்டிஷ் படையில் 20,000 பேருக்கு மேல் ட்ரெஞ்ச் ஃபுட், அதாவது ஈரத்திலும் குளிரிலும் நின்று நின்று கால் கெட்டுப்போகிற நோய். நம்மூர் சேற்றுப்புண் இல்லை இது, விரல் கறுத்து வெட்டி எடுக்கிற அளவுக்குப் போகும். அப்புறம் ஜோடி ஜோடியாக்கி, ஒருத்தன் காலுக்கு இன்னொருத்தன் பொறுப்பு என்றார்கள். திமிங்கில எண்ணெய், காய்ந்த காலுறை. நோய் குறைந்தது. கவனிக்காமல் விடவில்லையே?

கரையான்:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். பிரான்சில் சோம் ஆற்றுப் பக்கம் ஜெர்மன்காரன் இருபது, முப்பது அடி ஆழத்தில் தோண்டி, சில இடங்களில் மின்விளக்குகூடப் போட்டிருந்தான். ஒரு வாரக் குண்டுமழையை உள்ளேயே தாங்கிக்கொண்டு, 1916 ஜூலை 1 அன்று இயந்திரத் துப்பாக்கியோடு மேலே வந்தான். அன்று ஒரே நாளில் செத்த பிரிட்டிஷ் வீரர்கள் 19,240. நாளைக்கே முன்னேறப் போகிறோம், குழியில் குடித்தனமா நடத்தப்போகிறோம் என்று பிரிட்டிஷ் தளபதிகள் நினைத்ததன் விலையும் அதில் உண்டு.

மண்வெட்டி:
அதைத்தான் சொல்கிறேன். 1917ல் கலகம் செய்த பிரெஞ்சு வீரர்கள், "குழியைக் காப்போம், தாக்கப் போகமாட்டோம்" என்றுதானே நின்றார்கள்? குழியைவிடத் தாக்குதல்தான் பயம்.

சீலைப்பேன்:
பாதியைச் சொல்லிவிட்டு நிறுத்திவிட்டீர்கள் நண்பரே. விடுப்பும் நல்ல சாப்பாடும் கேட்டார்கள். பிரெஞ்சுத் தளபதி பெத்தான் இரண்டையும் சீர்படுத்திய பிறகுதான் படை அடங்கியது. குழி வாழ்க்கை அவ்வளவு சுகமென்றால் அதை ஏன் கேட்டார்கள்?

மண்வெட்டி:
சுகம் என்று நான் எங்கே சொன்னேன்? மேலே போய்ப் படியுங்கள்.

கரையான்:
பெட்ரோல் தகரத்தில் வந்த தண்ணீரில் போட்ட டீயைப் பற்றி யாருமே பேசவில்லையே?