வீட்டில் பேசிப் பதிவு செய்யும்போது எதிரொலி, ஃபேன் சத்தம்: வழி சொல்லுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். பிளஸ் டூ தமிழ் வழி மாணவர்களுக்காக வேதியியல் பாடங்களை வீட்டிலிருந்தே பேசி வீடியோவாகப் போடுகிறேன். டியூஷன் போக வசதியில்லாத பிள்ளைகள் பார்ப்பார்கள் என்பதால் தெளிவாக இருக்க வேண்டும் என்று ரொம்ப ஆசை.

படம் ஓரளவு சரியாகிவிட்டது. போனைக் கண் மட்டத்துக்கு ஸ்டாண்டில் வைத்து, ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்து, பின்பக்கக் கேமராவில் எடுக்கிறேன். ராத்திரி டியூப்லைட்டில் எடுத்தால் கோடு கோடாக ஓடும். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் ஷட்டர் வேகத்தை (ஒவ்வொரு படத்துக்கும் கேமரா ஒளியை உள்ளே விடும் நேரம்) 1/50 அல்லது 1/100 நொடி வைத்தால் அந்தக் கோடுகள் நின்றுவிடுகின்றன.

பிரச்சினை குரல்தான். சின்ன அறை, டைல்ஸ் தரை, வெறும் சுவர். கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போலக் கேட்கிறது. எத்தனாலும் மெத்தனாலும் ஒரே மாதிரி காதில் விழுந்தால் படிக்கிற பிள்ளை என்ன செய்யும்? ஃபேனை நிறுத்தினால் வியர்த்து ஊற்றுகிறது. போட்டால் அந்தக் காற்று மைக்கில் அடிக்கிறது. முதுகுக்குப் பின்னால் பெட்ஷீட் தொங்கவிட்டதில் எதிரொலி கொஞ்சம் குறைந்தது, ஆனால் போதவில்லை.

அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள். 2000 ரூபாய்க்குள் சட்டையில் மாட்டும் மைக் வாங்கினால் வயர் உள்ளது நல்லதா, வயர்லெஸ்ஸா? டைப்-சி போனில் நேரடியாகச் சொருகலாமா? கனமான போர்வையை எனக்கு எதிரே, கேமராவுக்குப் பின்னால் கட்டினால் பலன் கூடுமா? அப்புறம், ஃபேன் இரைச்சலை எடிட்டிங்கில் எடுத்தால் குரல் கெடுமா? அரையாண்டுத் தேர்வுக்குள் கரிம வேதியியலைப் பதிவு செய்து முடிக்க வேண்டும், அதனால் தெரிந்ததைச் சீக்கிரம் எழுதுங்கள்.