எட்டுக் கடைகள், ஒரே ஒளிப்பலகை: வெள்ளைப் பின்னணியை என்ன செய்வது?

கோட்டோவியன்:
வணிக வளாகம் ஒன்றின் வாசலில் நிற்கப்போகும் 9 மீட்டர் உயரப் பலகையை வடிவமைக்கிறேன். எட்டுக் கடைகளின் பெயர்கள். உச்சியில் உள்ள பெரிய கடை வெள்ளைப் பின்னணிதான் வேண்டும் என்கிறது. அதற்குக் கீழே கருநீலத்தில் சிவப்பு எழுத்து. பகலில் குறையில்லை. நேற்று இரவு இரண்டு கட்டங்களை மட்டும் எரியவிட்டுப் பார்த்தேன். வெள்ளை கண்ணைக் குத்துகிறது, சிவப்போ குடத்துக்குள் விளக்கு. கீழ்க்கட்டத்தில் கூடுதல் எல்இடி வைக்கலாமா?

பழைய பலகைக்காரன்:
வைக்காதீர்கள். வெப்பம் கூடும், மின்சாரம் கூடும், சிவப்பு எழுத்து அப்போதும் வெள்ளையிடம் தோற்கும்.

பின்னணி எதுவும் ஒளிரக் கூடாது. முகப்பு முழுவதையும் ஒரே அடர்நிறத்தில், கடைக்கொன்றாக அலுமினியத் தகடுகளாக்கி, எழுத்துகளை மட்டும் வெட்டி, பின்னால் பால்வெள்ளை அக்ரிலிக் (ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தகடு) கொடுங்கள். பெரிய கடையிடம் "இருண்ட பின்னணிக்கான சின்னம் இருக்கிறதா?" என்று கேளுங்கள். பெரும்பாலும் இருக்கும், நாம் கேட்பதில்லை, அவர்களும் சொல்வதில்லை. இன்னொரு லாபம்: ஒரு கடை காலிசெய்தால் அந்த இடத்தில் வெறும் தகட்டை மாட்டிவிடலாம். வெள்ளை ஒளிப்பெட்டியில் ஒரு கட்டம் அணைந்தால் பலகையே பொக்கை வாயாகிவிடும்.

அப்படியும் பிடிவாதம் பிடித்தால், அந்தக் கட்டத்துக்கு மட்டும் தனி பவர் சப்ளையும், ஒளியைக் கூட்டிக் குறைக்கும் டிம்மரும் வையுங்கள். ஒளியைச் சாலைக்கு எதிர்ப்புறம் நின்று இரவில்தான் சரிசெய்ய வேண்டும். நான் ஒருமுறை பலகைக்கு நேர்கீழே நின்று திருகிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன். தூரத்திலிருந்து பார்த்தால் மெல்லிய எழுத்துகள் ஒளியில் வீங்கி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. மறுநாள் மீண்டும் ஏணி.

சாலையோரம்:
அதைவிட அடிப்படையான சிக்கல் ஒன்று. 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி நொடிக்கு ஏறத்தாழ 17 மீட்டர் கடக்கிறது. 50 மீட்டர் தொலைவில் பார்வை விழுந்தால் மூன்று நொடிதான். எட்டுப் பெயர்களை யார் படிப்பார்கள்? தேடி வருபவர் ஒரு பெயரைக் கண்டுபிடித்தால் போதும். 25 மில்லிமீட்டர் உயர எழுத்துக்கு 3 மீட்டர் தொலைவு என்பது வசதியாகப் படிக்கும் கணக்கு. 50 மீட்டருக்கு எழுத்தின் உயரம் 40 சென்டிமீட்டருக்குச் சற்று மேல் வரும். பெயருக்குக் கீழே முழக்க வாசகம் இருந்தால் தூக்கிவிடுங்கள்.

கோட்டோவியன்:
இருண்ட வடிவம் இருக்கிறதாம், இன்று அனுப்புகிறார்கள்! பெட்டியின் ஆழம் 12 சென்டிமீட்டர், எல்இடி இடைவெளி 20. சரியா?

பழைய பலகைக்காரன்:
புள்ளி புள்ளியாகத் தெரியும். இடைவெளி ஆழத்தைத் தாண்ட வேண்டாம். பவர் சப்ளையை அதன் திறனில் 80 சதவீதத்துக்கு மேல் ஏற்றாதீர்கள். அடித்தகட்டில் நீர் வடியத் துளை போடுங்கள்; பெட்டி எவ்வளவு இறுக்கமாக இருந்தாலும் உள்ளே ஈரம் கோக்கும்.

கோட்டோவியன்:
துளையை மறந்தே போயிருந்தேன். வரைபடத்தைத் திருத்துகிறேன்.