புதுப்பிப்பு: சாஃப்ட்னர் ஓடியும் போர் தண்ணீரில் சோப்பு நுரைக்காத பிரச்சினை தீர்ந்தது

போன மாதம் கேட்டிருந்தேன்: அகஸ்தீஸ்வரம் பக்கம் வீடு. சாஃப்ட்னரில் (தண்ணீரின் கடினத்தன்மையைக் குறைக்கும் கருவி) ரீஜெனரேஷன், அதாவது உப்புநீர் விட்டு அதைப் புதுப்பிக்கும் சுற்று, ஒழுங்காக ஓடியும் சோப்பு நுரைக்கவில்லை, குழாயெல்லாம் வெள்ளைப் படிவு. பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

முதலில் உப்புத் தொட்டியில் கம்பு விட்டுக் குத்தினேன். மேலே பாளம் கட்டியிருந்தது, உடைத்தேன். மாற்றமில்லை. "ரீஜெனரேஷன் நேரம் தொட்டியில தண்ணி இறங்குதான்னு நின்னு பாருங்க" என்று ஒரு அண்ணன் எழுதியிருந்தார். அதுதான் விஷயம். ஒரு சொட்டு இறங்கவில்லை. பைபாஸ் போட்டு (தண்ணீர் சாஃப்ட்னருக்குள் போகாமல் திருப்பிவிட்டு) வால்வைக் கழற்றினால், தொட்டியிலிருந்து உப்புநீரை உறிஞ்சும் இன்ஜெக்டரின் துளையில் களிமண்! தப்பு என்னுடையது. மலிவு என்று புத்தளம் உப்பளத்துக் கல்லுப்பை அப்படியே கொட்டிவந்தேன். கருவாடு போட அது அருமையான உப்பு, இதற்கு ஆகாது. துளையைச் சுத்தம் செய்ய வெதுவெதுப்பான நீரும் பழைய டூத் பிரஷும் போதும். ஊசி விட வேண்டாம், துளை பெரிதாகிவிடும்.

எதிர்பாராத ஒன்று: சொட்டு மருந்துச் சோதனையில் போர் தண்ணீரின் கடினத்தன்மை 420 பிபிஎம். 17.1-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 25 கிரெயின் (சாஃப்ட்னரில் கடினத்தன்மையை அமைக்கும் அலகு). பொருத்தியவர் சாஃப்ட்னரில் 15 என்று வைத்துவிட்டுப் போயிருக்கிறார். 25 ஆக்கினேன். இப்போது சாஃப்ட்னர் தண்ணீர் 20 பிபிஎம்முக்குக் கீழே.

டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்திருப்பவற்றின் மொத்த அளவு) மீட்டர் மட்டும் பழைய எண்ணையே காட்டுகிறது; பயப்படாதீர்கள். கால்சியம், மக்னீசியம் போன இடத்தில் சோடியம் வருவதால் அந்த மொத்த அளவு குறையாது. அம்மாவுக்கு பிரஷர் இருப்பதால் குடிக்க, சமைக்க மட்டும் சாஃப்ட்னரில் சேராத தனிக் குழாய்.