ஒரு வீடியோ கேமோட அடுத்த பாகத்துல எதை மாத்தலாம், எதைத் தொடக்கூடாது?

பிக்சல்பாண்டி:
கதை, மேப், ஆயுதம் எல்லாத்தையும் மாத்திக்கட்டும். விரலுக்குப் பழகினதுல மட்டும் கை வைக்கக்கூடாது. டார்க் சோல்ஸ் முதல் பாகத்துல ரோல், அதாவது அடியில இருந்து தப்பிக்க உருள்றது, எப்படி இருக்கும்ங்கிறது போட்டிருக்கிற கவசம், ஆயுதத்தோட எடையைப் பொறுத்தது. தாங்குற எடையில 25 சதவீதத்துக்குள்ள இருந்தா வேகமான ரோல், அவ்வளவுதான். 2014-ல வந்த ரெண்டாம் பாகத்துல அடாப்டபிலிட்டின்னு தனி ஸ்டாட் (லெவல் ஏறும்போது நாம கூட்டிக்கிற திறன் எண்). அதை ஏத்தினா அஜிலிட்டிங்கிற இன்னொரு எண் ஏறும், அஜிலிட்டி ஏறினாத்தான் ஐ-ஃப்ரேம் (உருளும்போது அடி படாத ஃப்ரேம்) கூடும். அஜிலிட்டி 105-க்குப் போனா 13 ஃப்ரேம். இந்தக் கணக்கை கேம் காட்டவே காட்டாது. சரியான நேரத்துல உருண்டும் அடி விழும், ஏன்னு புரியாது.

மேகலை:
பாண்டி, தப்பு மாத்தினதுல இல்ல, மறைச்சதுல. செல்டா வரிசையில வந்த டியர்ஸ் ஆஃப் தி கிங்டம் (2023) பாருங்க. 2017-ல வந்த முந்தின பாகத்தோட அதே ஹைரூல் நிலப்பரப்புதான், மேல வானத்தீவு, கீழ பாதாளம் சேர்த்தாங்க. ஆனா விரலுக்குப் பழகின மேக்னெஸிஸ், ஸ்டேஸிஸ், க்ரையோனிஸ், ரிமோட் பாம்னு பழைய சக்தி எல்லாத்தையும் தூக்கிட்டாங்க. யாரும் தடுமாறல, ஏன்னா ஆரம்பத் தீவுலயே ஒவ்வொரு புது சக்திக்கும் ஒரு கோயில் வெச்சுப் பழக்கிடுறாங்க. ஆயுதம் உடையுதுங்கிறதுதான் பழைய பெரிய புகார். அதை எடுத்துடாம, ஆயுதத்துல வேற பொருளை ஒட்டுற ஃப்யூஸ்ங்கிற சக்தியைக் கொண்டுவந்தாங்க. துருப்பிடிச்ச வாள்ல அரக்கனோட கொம்பை ஒட்டினா தாக்குதல் எண் எகிறும். உடைஞ்சாலும் பையில அடுத்த கொம்பு இருக்கு.

பிக்சல்பாண்டி:
அது தனியா ஆடுற கேம், பிடிக்கலன்னா பழசுக்குத் திரும்பிடலாம். ரெண்டு அணி ஆன்லைன்ல சுட்டுக்கிற கவுண்டர்-ஸ்ட்ரைக் 2 வந்தப்போ, அதோட முந்தின பாகமான சிஎஸ்:ஜிஓ இருந்த இடத்துலயே அதை வெச்சுட்டாங்க. பழசு வேணும்னா ஸ்டீம்ங்கிற கேம் கடையில ப்ராபர்ட்டீஸ், பீட்டாஸ் போய் csgo_legacy-ங்கிற பழைய பதிப்பை எடுக்க வேண்டியிருந்துச்சு. எடுத்தாலும் அதிகாரபூர்வ மேட்ச்மேக்கிங் (ஆட ஆள் சேர்த்துவிடுற வசதி) கிடையாது. முன்னாடி 16 ரவுண்ட் எடுத்தா ஜெயிப்பு, இப்ப 13. பிஸ்டல் ரவுண்ட், அதாவது காசு கம்மியா இருக்கிற ஒவ்வொரு பாதியோட முதல் ரவுண்ட், மட்டும் அதே ரெண்டுதான். பிஸ்டல் ஜெயிச்சவங்க எதிரணி காசு சேர்க்கிறதுக்குள்ள அடுத்த ரெண்டையும் எடுத்துட்டா ஒரு பாதிக்கு 3. ரெண்டு பாதியிலயும் அப்படி நடந்தா 13-ல 6 போச்சு!

நைட்ஷிஃப்ட்:
பழசை மூடினது தப்புங்கிறதுல நானும் பாண்டி பக்கம்தான். ஆனா கவுண்டர்-ஸ்ட்ரைக் 2-ல வந்த புது ஸ்மோக்கை (புகைக் குண்டை) விட்டுடாதீங்க. இப்ப புகை அறையோட வடிவத்துக்கு ஏத்த மாதிரி பரவுது, கதவு வழியா வெளியவும் கசியுது. உள்ள ஒரு ஹெச்இ (வெடிகுண்டு) போட்டா கொஞ்ச நேரம் ஓட்டை விழும், அந்த இடைவெளியில சுடலாம். ஒரு ஸ்மோக் போட்டுட்டு நிம்மதியா பாம் வைக்கிற காலம் போயிடுச்சு. அடுத்த பாகம்னு ஒண்ணு வர்றதே இந்த மாதிரி மாற்றத்துக்குத்தான்.

பிக்சல்பாண்டி:
ஸ்மோக்கை ஒத்துக்கிறேன். 13 ரவுண்டை ஒத்துக்க மாட்டேன்.

மேகலை:
ரவுண்ட் குறைஞ்சா ரெண்டாவது ரவுண்ட்லயே ஃபோர்ஸ் பை (காசு போதாட்டியும் இருக்கிறதை எல்லாம் செலவழிச்சு ஆயுதம் வாங்குறது) பண்ற துணிச்சல் வரும். அதையும் கணக்குல சேர்த்துப் பேசுங்க.